மருத்துவ, தாதிய மாணவர்களை ஒரே குழுவாகக் கிராமத்துக்கு அனுப்பிக் கற்பிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர், "துறையிடைச் சேவைவழிக் கற்றல் என்பது மருத்துவ முகாமுக்கு வைத்த புதுப் பெயர்தானே?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மட்டக்களப்பில் தாதிய மாணவர்களுக்குக் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பல வேளைகளில் ஆம். முதல் வருடம் நாங்கள் செய்ததும் அதுதான். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு, ஒருவர் பிறஷர் பார்க்க, ஒருவர் விரலில் குத்திச் சீனி பார்க்க, மருத்துவ மாணவர்கள் கதிரையில் இருந்து ஆலோசனை சொல்ல, பின்னேரம் நான்கு மணிக்கு எல்லோருமாகப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். சீனி கூடியிருந்தவர்களுக்குக் கிளினிக் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருந்தோம். சில மாதம் கழித்து விசாரித்தபோது அந்தத் துண்டுகளில் பாதிக்கு மேல் வீட்டு அலுமாரிகளில் பத்திரமாக இருந்தன. கிளினிக் நாளன்று அந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு பஸ் என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

நீங்கள் கேட்கும் துறையிடைச் சேவைவழிக் கற்றல் என்பது இரண்டு எண்ணங்கள் சேர்ந்தது. சேவைவழிக் கற்றல் என்ற சொல்லை 1967இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ரொபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வேண்டிய ஒரு வேலையை மாணவர் செய்ய, அதே வேலை அவருக்குப் பாடமாகவும் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். துறையிடைக் கல்வி என்பது இரண்டோ அதற்கு மேற்பட்டோ தொழிற்துறை மாணவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்பது. சுவீடனின் லிங்ஷொப்பிங் பல்கலைக்கழகம் 1986இலேயே இதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 1988இல் ஓர் அறிக்கையும் 2010இல் ஒரு செயற்பாட்டுச் சட்டகமும் வெளியிட்டது. ஒரே விரிவுரை மண்டபத்தில் இரண்டு துறையினரையும் இருத்திவிட்டால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

எங்கள் நாட்டில் இதன் தேவை வெளிப்படையானது. மருத்துவ மாணவர் ஐந்து வருடம் ஒரு பக்கம் படிக்கிறார். தாதியப் பட்டதாரி நான்கு வருடமும், தாதியர் கல்லூரி மாணவர் மூன்று வருடமும் வேறு பக்கங்களில் படிக்கிறார்கள். முதன்முதலாக இவர்கள் முகம் பார்த்துப் பேசுவது வார்டில், ஒருவர் கட்டளை எழுத மற்றவர் அதை நிறைவேற்றும் நேரத்தில்தான். அதற்குப் பிறகு எந்தச் செயலமர்வும் அந்தப் பழக்கத்தை இலேசில் மாற்றாது.

இரண்டாம் வருடம் ஊரைக் கேட்டுத் தொடங்கினோம். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (வீடு வீடாகப் போகும் அரச மருத்துவிச்சி), சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, இன்சுலின் போடுகிற வீடுகளுக்குப் போகச் சொன்னார். ஒரு மருத்துவ மாணவரும் ஒரு தாதிய மாணவியும் ஒரு சோடி. ஒரு சோடிக்கு மூன்று வீடு. பத்து வாரம், கிழமைக்கு ஒரு தடவை.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே அறுபது கடந்த விவசாயி. கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் சீனி கூடுதலாகவே இருந்தது. மருந்தின் அளவும் படிப்படியாகக் கூட்டப்பட்டிருந்தது. அந்தச் சோடியில் மருத்துவ மாணவர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது. முதல் இரண்டு கிழமையும் அவர் கேட்பதைத் தமிழில் சொல்லி, கிடைத்த பதிலைத் திருப்பிச் சொல்வதோடு தாதிய மாணவியின் வேலை முடிந்துவிட்டது. "ஊசி ஒழுங்காகப் போடுகிறீர்களா?" "ஓம்." அவ்வளவுதான். கிழக்கில் இந்த விடயத்தை ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மொழி தெரிந்தவரை மொழிபெயர்ப்பாளராகக் குறுக்கிவிட்டால், அவருடைய தொழில் அறிவு வாசலிலேயே நின்றுவிடும். நான் அதைக் கண்டுபிடித்ததே, கிழமை முடிவில் இருவரும் தனித்தனியே எழுதித் தந்த குறிப்புகளை வாசித்தபோது இரண்டிலும் ஒரே வசனங்கள் இருந்ததால்தான்.

மூன்றாம் கிழமை, கேள்வி கேட்பதை அவளிடமே விடச் சொன்னேன். அவள் கேள்வி கேட்கவில்லை. "அப்பா, இப்ப போடுற மாதிரி ஒருக்காச் செய்து காட்டுங்க" என்றாள். அவர் தகரக் கூரைக்குக் கீழே இருந்த அலுமாரியின் மேலிருந்து குப்பியை எடுத்தார். அது கலவை இன்சுலின். நின்ற நிலையில் வெள்ளை அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் இருந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டிக் கலக்காமல், தெளிந்ததை அப்படியே உறிஞ்சினார். ஊசி போடும் இடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் வருடக்கணக்காகக் குத்தியதில் கொழுப்புத் திரண்டு கட்டியாகியிருந்தது. அந்த இடத்தில் போடும் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. பிறகு அவரே சொன்னார்: "விடியச்சாமம் ஊசியப் போட்டுட்டு வட்டைக்குப் போவன் மனே. மறுகா சோறு தின்ன பத்து மணியாகும். கிறுகிறுப்பு வாறண்டு சில நாளைக்கு ஊசிய உட்டுருவன்." வட்டை என்றால் வயல். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கிக் கிறுகிறுப்பு வரும், மருந்தின் அளவு கூடினால் அதுவும் கூடும்.

இதற்குள் மருத்துவ மாணவர் கொப்பியைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அளவு கூட்டப்பட்டபோதும் தவறவிடும் நாட்களும் கூடியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப ஊசி நேரத்தை மாற்ற வேண்டும் என்று கிளினிக் வைத்தியருக்குக் கடிதம் எழுதியது அவர். குப்பியை உருட்டுவதையும் இடம் மாற்றிக் குத்துவதையும் நான்கு கிழமை தொடர்ந்து பழக்கியது அவள். இன்சுலின் சூட்டில் கெட்டுவிடும், அதை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லாததற்கு வழி கண்டது அந்த வீட்டு அம்மா. பெரிய தயிர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, நிழலில் வைத்தார். ஈரம் காயக் காய உள்ளே குளிரும். இரண்டு மாணவர்களும் இதைத் தங்கள் அறிக்கையில் எழுதியிருந்தார்கள், இம்முறை வெவ்வேறு வசனங்களில்.

ஆராய்ச்சி ஆதாரம் எப்படி என்றால், அது கலப்பானது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மீளாய்வு, துறையிடைக் கல்வி பற்றிய 15 ஆய்வுகளை எடுத்து, 7இல் நல்ல விளைவும், 4இல் கலப்பான விளைவும், 4இல் மாற்றமே இல்லை என்றும் கண்டது. ஆகவே இதை மருந்து மாதிரி எண்ணி, கொடுத்தால் சுகம் வரும் என்று நம்பக் கூடாது.

நடைமுறையில் எங்களை அதிகம் கஷ்டப்படுத்தியது நேரசூசியும் புள்ளியும்தான். ஒரு தொகுதிக்குப் பரீட்சை வரும்போது மற்றத் தொகுதிக்கு வார்டு வேலை வரும். தாதிய மாணவர்களுக்கு மட்டும் புள்ளி இருந்த வருடம், மருத்துவ மாணவர்கள் ஐந்தாம் கிழமையோடு நின்றுவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், திட்டம் போட்ட எங்கள் பிழை அது. இப்போது சோடிக்கு ஒரே அறிக்கை, ஒரே புள்ளி. தனிக் குறிப்புகளுக்குப் புள்ளி இல்லை, அவை நான் வாசிப்பதற்கு.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்போக நெல் விதைப்பில் பகலில் போனால் வீட்டில் ஆளிருக்காது. மார்கழி, தையில் வெள்ளம் வந்தால் வழியே இருக்காது. நாங்கள் அறுவடை முடிந்த பிறகு தொடங்குகிறோம். பத்தாம் கிழமை வீட்டுக் குறிப்புகளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டு வருவோம். அடுத்த வருடத்துக்கான வீடுகளை அவர்தான் அதிலிருந்து தெரிவு செய்து தருகிறார்.