நாடு ப்ராஜெக்ட் கொடுத்தால் பிரிண்ட் அவுட் ஒட்டி வருகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆளுக்கொரு நாடு கொடுத்தால் கொடி, தலைநகரம், நாணயம் என்று பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். தாங்களே தேடிப் படிக்க எப்படிப் பழக்குவது?

பதில்: பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது டீச்சர். ‘கென்யாவைப் பற்றி எழுதி வா’ என்றால் அதற்குப் பிரிண்ட் அவுட்டே போதும். தேட வேண்டிய எதையும் நாம் கேட்கவில்லையே.

முதல் நாட்டை வகுப்பே சேர்ந்து செய்யட்டும். அதற்கு என் சிபாரிசு கென்யாதான். உங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்த வாரம் பச்சைத்தேயிலை என்ன விலை போனது என்று தெரிந்திருக்கும். ‘கென்யாவில் ஒரு சிறு விவசாயிக்குத் தேயிலைப் பணம் எப்படிக் கைக்கு வருகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். முதலில் நம் ஊர் நடைமுறையை வீட்டில் விசாரித்து எழுதட்டும். அப்புறம் தேடினால், அங்கே மாதாமாதம் ஒரு தொகையும் ஆண்டுக் கடைசியில் ‘போனஸ்’ என்று இன்னொரு தொகையும் தருகிறார்கள் என்பது கிடைக்கும். ‘அந்த போனஸை யார் முடிவு செய்கிறார்கள்?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அடுத்த தேடலை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.

மக்கள்தொகையைத் தேடும்போது சண்டை வரும், வரட்டும். ஒருவன் 3.86 கோடி என்பான், இன்னொருத்தி 4.76 கோடி என்பாள், மூன்றாவது ஆள் ஐந்தரைக் கோடி என்று வந்து நிற்பான். யார் சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எந்த ஆண்டு, யார் சொன்னது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது 2009 கணக்கெடுப்பு, அடுத்தது 2019 கணக்கெடுப்பு, கடைசி அதற்குப் பிந்தைய மதிப்பீடு. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டை எழுதும் பழக்கம் இந்த ஒரு பீரியடில் வந்துவிடும். நான் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் வராதது அது.

குறிப்பு எடுக்க ஒரே விதி: படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுத வேண்டும். எங்கே படித்தது என்பதை ஓரத்தில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது நாட்டை இருவர் இருவராகச் செய்யலாம். இலங்கை நல்ல தேர்வு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் உங்கள் பக்கம் நிறைய. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ, தொடங்கப்பட்டது. பாட்டி எந்த ஆண்டு வந்தார், எந்த வழியாக வந்தார் என்று கேட்டு, அதைப் புத்தகத்தோடு ஒப்பிடட்டும். சில வீடுகளில் அந்தப் பேச்சை எடுக்க விரும்ப மாட்டார்கள். அங்கே வற்புறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதைத்தான் தனியாகச் செய்யவிட வேண்டும். நாடு அவர்கள் விருப்பம், ஆனால் கேள்வியை உங்களிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ‘பெருவின் சிறப்புகள்’ என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். ‘உருளைக்கிழங்கு பிறந்த பெருவில் இன்றும் ஏன் இத்தனை ரகம் பயிரிடுகிறார்கள்?’ என்று வந்தால் விட்டுவிடலாம்.

மார்க்கில் பாதிக்கு மேல் குறிப்பு நோட்டுக்குப் போடுங்கள். சார்ட்டுக்கு ஐந்து போதும்.