சின்ன நாய்க்கு நம் வீட்டுச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம்?

ஐந்து கிலோ பொமரேனியனுக்கு வீட்டில் சமைப்பதையே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெங்காயம், உப்பு, மிளகாய் சேர்வதற்கு முன்னால் தனியாக எடுத்து வைத்தால் கொஞ்சம் போடலாம். சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மணி ஐந்தரைக் கிலோ. போன வருடம் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது, நான்கு நாள் எதிர்வீட்டு அக்காவிடம் அவனை விட்டுச் சென்றோம். அவருக்கு மணி என்றால் உயிர். தான் சாப்பிடுவதையே இரண்டு வேளையும் அவனுக்கும் போட்டிருக்கிறார். சின்ன வெங்காயச் சாம்பாரில் மிளகாயையும் கறிவேப்பிலையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, வெங்காயத்தைத் தொண்டையில் சிக்காதபடி விரலால் நசுக்கி, சோற்றோடு குழையப் பிசைந்து ஊட்டியிருக்கிறார்.

நாங்கள் திரும்பிய மறுநாள் காலை, பால்கனித் தரையில் அவன் பெய்திருந்த சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. நாய்க்கு 12-க்குக் குறையக் கூடாது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது என்றார் டாக்டர். கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயமே ஆபத்து. உங்கள் குட்டிக்கு அது 75 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். ஒரே நாளில் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. தினமும் கொஞ்சமாக உள்ளே போனாலும் இதே கதிதான்.

அக்காவை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் எதையும் சொல்லாமல் போன தவறு என்னுடையது. "எங்கள் பாட்டி வீட்டு நாய் எல்லாவற்றையும் தின்று பதினைந்து வருடம் வாழ்ந்தது" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று: அந்த நாயின் எடை என்ன? இருபது கிலோ நாய் தாங்குவதை ஐந்து கிலோ நாய் தாங்காது.

அன்று எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. நிற்கக்கூட முடியாதவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கினேன். எங்கள் குடியிருப்பில் நாயை லிப்டில் ஏற்றக் கூடாதாம். அப்படித் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை அச்சிட்டுச் சங்கச் செயலாளரிடம் நீட்டினேன். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கேட்டதற்கு வருகிறேன். எலும்பு நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி, அவித்த முட்டை, வெறும் சோறு, வேகவைத்த கேரட், பரங்கிக்காய், விதை நீக்கிய ஆப்பிள், தர்பூசணி எல்லாம் எங்கள் வீட்டில் ஒத்துப்போகின்றன. சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு கரண்டி. இவை ருசிக்குத்தான், அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் வேண்டாம், அவற்றில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் இரண்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நான் மருத்துவர் அல்ல. நீரிழிவோ கணைய நோயோ உள்ள நாய்க்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

மணிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தினார்கள். நல்லவேளை, மருந்திலேயே தேறினான். ஈறு சிவக்க மூன்று வாரம் ஆயிற்று.

நீங்கள் ஏற்கெனவே சாம்பார் சாதம் போட்டிருந்தால், குட்டி துள்ளி விளையாடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அறிகுறி தெரியவே மூன்று, நான்கு நாள் ஆகலாம். இன்றே டாக்டருக்குப் போன் செய்து, எவ்வளவு தின்றது என்று சொல்லுங்கள்.