மடித்து வேனில் ஏற்றும் மரத்தாலான கடைக்கு எந்த மரம், எந்த அமைப்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை விற்பதற்கு, இருவர் தூக்கி வேனில் ஏற்றக்கூடிய மடக்குக் கடையை ரப்பர் மரத்தில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டப்புறத்தில் எளிதில் கிடைத்தாலும், ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் விரைவில் பற்றும் மரம் அது என்பதால், கடையின் சட்டத்துக்கு அடர்சிவப்பு மெராந்தி மரத்தையும், பலகைக்கு ஓரங்களில் வர்ணம் பூசிய 12 மில்லிமீட்டர் நீர்தாங்கும் பிளைவுட்டையும் பரிந்துரைப்பேன். 4க்கு 8 அடிப் பலகை ஒன்றே ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். அதை இரண்டாக அறுத்துக் கீலால் இணையுங்கள். மடித்த கட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது வேனின் பின்கதவுதான், நம் ஆசையன்று.

கடை ஆடினால் பலரும் கீலைக் குறை சொல்வார்கள். உண்மையில், மூலைக்கு மூலை குறுக்குக்கட்டை இல்லாத நாற்கரச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது. ஆகவே பின்புறத்தில் ஒரு குறுக்குக்கட்டையை, கருவியின்றிக் கையாலேயே முறுக்கக்கூடிய நட்டால் பொருத்துங்கள். மாலை மழைக்கு முன் வீசும் காற்று கூரையைத் தூக்கக்கூடும் என்பதால், கால்களில் தண்ணீர் நிரப்பிய கலன்களைக் கட்டுவது நல்லது. எண்ணெய்ச் சட்டியும் கேஸ் அடுப்பும் தனி இரும்பு மேசையில்தான் இருக்க வேண்டும்.