எல்லாம் ஒரே கறுப்புக் கல்தானே? – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஐஸ்லாந்து பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்புகளை ஒரே மூச்சில் வாசித்தேன். வருகிற ஆகஸ்டில் நாங்களும் போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா (66). கையில் ஏழு நாள். வாடகைக் கார் எடுத்துத் தீவை ஒரு முழுச்சுற்று சுற்றுவதாகத் திட்டம். நடுவில் அஸ்க்யா எரிமலைக்கும் ஒரு எட்டுப் போய்வரலாமா என்று யோசனை. ஏற்கெனவே போய்வந்த அலுவலக நண்பர், "இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, எல்லாம் ஒரே கறுப்புக் கல், ஒரே பாசி" என்கிறார். உங்கள் குறிப்புகளிலும் பாதி கல்லைப் பற்றித்தான் இருக்கிறது. அதில் அப்படி என்ன? கிரிண்டாவிக் பக்கம் பூமி பிளந்த செய்திகளைப் பார்த்து அம்மா பயப்படுகிறார். அங்கே வண்டி ஓட்டுவதைப் பற்றியும் சொல்லுங்கள்.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்,

ஏழு நாளில் சுற்ற முடியுமா என்றால் முடியும். தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை 1,322 கிலோமீட்டர். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு இருநூறுகூட வராது, இதென்ன பிரமாதம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் வந்து இறங்கும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேராது. மிச்சம் ஐந்து. பார்க்க வேண்டியவை எல்லாம் சாலையை விட்டுப் பிரிந்து உள்ளே இருக்கும். அம்மாவுக்கு நடுவில் இறங்கிக் காலை நீட்ட வேண்டும். கடைசியில் ஐந்து நாளும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, "சுற்றிவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான். உங்கள் நண்பர் அப்படித்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அறுபது மைல் வேகத்தில் பார்த்தால் எல்லாக் கல்லும் ஒரே கல்தான்.

நான் சொல்வது இது: சுற்ற வேண்டாம். ரெய்க்யாவிக்கில் தொடங்கித் தென்கரையோடு பனிக்கட்டி மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை போய், அதே சாலையில் திரும்பி வாருங்கள். ஒரு வழிக்கு ஏறத்தாழ 375 கிலோமீட்டர். வந்த வழியே திரும்பினால் வீண் என்று மனைவி சொல்லக்கூடும். போகும்போது மழையில் ஒன்றுமே தெரியாமல் போன மலை, திரும்பும்போது வெயிலில் வந்து நிற்கும். அந்த ஊரில் அது சாதாரணம்.

இப்போது கல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

வீக் என்ற சின்ன ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால், கறுப்பு மணல்வெளி முடிந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாகப் பஞ்சு மெத்தை விரித்ததுபோல ஒரு வெளி வரும். எல்ட்ராய்ன் என்று பெயர், நெருப்புக் குழம்பு வெளி என்று பொருள். மெத்தை என்பது பாசி. காய்ந்திருந்தால் சாம்பல் நிறம், மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று பச்சையாகிவிடும். நான் போனபோது முந்தின இரவு மழை. வண்டி நிறுத்த ஒதுக்கிய இடத்தில் நிறுத்தி, ஓரமாகக் குந்தி, ஒரு விரலை அந்தப் பாசிக்குள் மெதுவாக விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை ஈரமாக, குளிர்ச்சியாக உள்ளே போனது. அதற்குக் கீழே சட்டென்று கூரான கல், உடைந்த பாட்டிலின் விளிம்பு மாதிரி. இருநூற்று நாற்பது வருடமாக மூடியும் அந்தக் கூர் மழுங்கவில்லை.

ஆமாம், அந்தக் கல்லுக்குப் பிறந்த தேதி உண்டு. 1783 ஜூன் 8ஆம் தேதி, லாகி என்ற மலையின் இரண்டு பக்கமும் பூமி பிளந்தது. மலை உச்சியில் குமுறி வெடிக்கிற வகை அல்ல, தையல் பிரிந்ததுபோல 27 கிலோமீட்டருக்கு வரிசையாக நூற்றுக்கு மேற்பட்ட வாய்கள். எட்டு மாதம் குழம்பு ஓடியது. ஆனால் ஆளைக் கொன்றது குழம்பு இல்லை, அதோடு வந்த வாயு. ஃப்ளோரின் படிந்த புல்லைத் தின்ற ஆடுமாடுகளுக்குப் பல்லும் எலும்பும் கெட்டுப்போயின. தீவின் ஆடுகளில் பெரும்பகுதி செத்தது, பின்னாலேயே பஞ்சம் வந்து மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனார்கள். மூடுபனிக் கொடுமை என்று பொருள் வரும்படி அந்தக் காலத்துக்கு அவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். புகை ஐரோப்பா முழுக்கப் பரவியது. அப்போது பாரிசில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த விசித்திரமான வறண்ட மூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்தக் குழம்பு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வந்த திசையில் கிர்க்யுபையார்க்ளாய்ஸ்துர் என்ற ஊர் இருக்கிறது. பயப்படாதீர்கள், உள்ளூர்க்காரர்களும் க்ளாய்ஸ்துர் என்றுதான் சுருக்குகிறார்கள். ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. இதுதான் கடைசிப் பூசை என்று நினைத்துக்கொண்டு ஊர்ச்சனம் தேவாலயத்தில் கூடியது. யோன் ஸ்டெயின்கிரிம்சன் என்ற பாதிரியார் பிரசங்கம் செய்தார். முடிந்து வெளியே வந்து பார்த்தால் குழம்பு முன்னேறாமல் நின்றுவிட்டிருந்தது. நெருப்புப் பிரசங்கம் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆறுகளின் தண்ணீர் வந்து பாய்ந்து குளிர வைத்ததும் ஒரு காரணம். எனக்கு அந்த அற்புதத்தைவிட அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான் மனதில் நின்றது. நிவாரணப் பணத்தை முத்திரையிட்ட பெட்டியில் அவரிடம் கொடுத்தனுப்பினார்கள், வழியில் பசியோடு இருந்தவர்களைப் பார்த்துவிட்டு மனுஷன் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு அபராதம் போட்டார்கள், மன்னிப்பும் கேட்க வைத்தார்கள். அரசாங்கம் எந்த ஊரிலும் அரசாங்கம்தான். அவர் நினைவாக க்ளாய்ஸ்துரில் 1974இல் கட்டிய சின்ன தேவாலயம் ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் போதும், பாருங்கள்.

நம் மேடைகளில் முழங்குவார்களே, கல் தோன்றி மண் தோன்றாக் காலத்து மூத்த குடி என்று, கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. அது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கிற இடம் எல்ட்ராய்ன். க்ளாய்ஸ்துரில் 1186இலேயே கன்னியர் மடம் இருந்தது, கல் வந்தது 1783இல், மண் இன்னும் வரவில்லை. பாசிதான் வந்திருக்கிறது. குடி மூத்தது, கல் இளையது. நமக்குக் கல் என்றாலே பழசு. அந்த நினைப்போடு போனால் உங்கள் நண்பருக்கு நேர்ந்ததுதான் நேரும். பாசியைப் பார்த்து வயதை ஓரளவு ஊகிக்கலாம் என்பதை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஆட்டமாக இருக்கும். விமான நிலையம் இருக்கும் தீபகற்பத்தில் 2021இல் ஃபக்ரதால்ஸ்ஃபியாட்ல் பக்கம் ஓடிய குழம்பில் பாசி என்பதே இல்லை, நிலக்கரி மாதிரி மொட்டையாகக் கிடக்கிறது. ஒன்றே ஒன்று: பாசி மேல் கால் வைக்க விடாதீர்கள். ஒரு மிதி ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதைப் பிய்த்து எழுத்து எழுதிவைத்துவிட்டுப் போன புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

க்ளாய்ஸ்துரைத் தாண்டினால் ஸ்கேதரார்சாண்டுர் என்ற பெரிய மணல்வெளி. ஸ்காஃப்டாஃபெல் போகும் வழியில் சாலையோரம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இரண்டு இரும்பு உத்தரங்கள் கிடக்கும். 1996இல் வாட்னயோகுல் பனிமலைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய தண்ணீர் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளேயே தேங்கி, நவம்பர் 5 அன்று ஒரே மூச்சாக வெளியே வந்தது. வரப்போகிறது என்று முன்பே தெரியும், சாலையை மூடிவிட்டார்கள், ஒருவரும் சாகவில்லை. பாலம் மட்டும் போயிற்று, அதில் மிஞ்சியது இந்த இரண்டு உத்தரங்கள். அந்த மணல்வெளியைத் தாண்டப் பாலம் கட்ட முடியாமல்தான் இந்தச் சுற்றுச்சாலை 1974 வரை முழுமையடையாமலே இருந்தது. கட்டிய பாலங்களில் மிக நீளமானதற்கு வந்த கதியைக் கேளுங்கள்: பனிமலை பின்வாங்க, ஆறு 2009இல் பக்கத்து ஆற்றோடு சேர்ந்துகொண்டது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் பாலம் தண்ணீரே இல்லாமல் நின்றது. இப்போது சாலையையே வேறு சின்னப் பாலத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

அஸ்க்யா வேண்டாம். சந்திரனுக்குப் போகவிருந்த அமெரிக்கர்கள் 1965இலும் 1967இலும் பயிற்சிக்கு வந்த இடம் என்று படித்துவிட்டு ஆசைப்பட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் எஃப் என்று தொடங்கும் எண் உள்ள மலைச்சாலைகளில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சட்டப்படியே கட்டாயம், வழியில் பாலம் இல்லாத ஆறுகளைக் காரோடு இறங்கிக் கடக்க வேண்டும், தண்ணீரில் வண்டிக்கு எது ஆனாலும் பெரும்பாலும் காப்பீடு தராது. எட்டு வயதுக் குழந்தையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு ஆற்றின் ஆழம் பார்க்கும் வேலை நமக்கு எதற்கு. இன்னொரு முறை வடக்கே போகும்போது மீவாட்ன் ஏரியிலிருந்து பெரிய டயர் வண்டிகளில் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். 2023 நவம்பர் 10 இரவு கிரிண்டாவிக்கின் 3,800 பேரையும் வெளியேற்றினார்கள், 2024 ஜனவரியில் குழம்பு ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தது, அதே ஆண்டு நவம்பரில் நீல ஏரிக் குளியல் இடத்தின் கார் நிறுத்துமிடம் அப்படியே குழம்புக்கு அடியில் போனது. ஆனால் இவையெல்லாம் லாகி போலப் பிளவில் ஒழுகும் வகை, அளவில்தான் பொடிசு. 2010இல் ஐரோப்பா முழுக்க விமானங்களை நிறுத்திய எயாஃபியாட்லயோகுட்ல் வேறு கதை. அங்கே குழம்பு பனிக்கட்டிக்கு அடியில் வெடித்ததால் நொறுங்கிப் பொடிச் சாம்பலாக வானத்துக்கு ஏறியது. கிரிண்டாவிக் பக்கம் குழம்பு வந்தபோதெல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளி விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. புறப்படும் காலையில் வானிலைத் துறையின் பக்கத்தையும் சாலைத் துறையின் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட சாலைக்குப் போகாதீர்கள். எரிமலையைவிட நான் பயப்படச் சொல்வது ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரைக்கு. கறுப்பு மணல், அழகான கல்தூண்கள், திடீரென்று ஆளுயரத்துக்கு ஏறிவந்து இழுத்துப்போகும் அலை. பலர் செத்திருக்கிறார்கள். மகளின் கையை விடாதீர்கள்.

வண்டி ஓட்டுவது. வலதுபக்கம் ஓட்டவேண்டும், முதல் நாள் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவீர்கள், எல்லோரும் போடுகிறோம். ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். இரட்டை வரிசை ரவுண்டானாவில் உள்வரிசைக்காரருக்குத்தான் முன்னுரிமை, நம் கைக்கு இது பழக ஒரு நாள் ஆகும். "ஏன்பிரேத் புரூ" என்று பலகை வந்தால் ஒற்றைவழிப் பாலம், யார் முதலில் நெருங்குகிறாரோ அவர் முதலில். கோடை முழுக்க ஆடுகள் அவிழ்த்துவிட்டபடி திரியும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி நிச்சயம் குறுக்கே ஓடும், காலை பிரேக்குக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆள் இல்லாத பெட்ரோல் நிலையங்களில் நான்கு இலக்க ரகசிய எண் இல்லாத அட்டை செல்லாது.

அப்புறம் காற்று. வீக்குக்குக் கிழக்கே ஒரு நிறுத்துமிடத்தில், படம் எடுக்கும் அவசரத்தில் காற்று முதுகில் அடிக்கிறபடி வண்டியை நிறுத்திவிட்டுக் கதவுக் கைப்பிடியை இழுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தைக் காற்று செய்தது. கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் மடங்கி "மடக்" என்று ஒரு சத்தம், கீல் வளைந்துவிட்டது. அதன்பிறகு மூடவே இல்லை. ஒரு துப்பட்டாவால் கதவையும் இருக்கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடுக்கில் மணல் சீறச்சீற நாற்பதில் ஓட்டிவந்தோம். வாடகைக் கம்பெனியில் எல்லாக் காப்பீடும் வாங்கியிருக்கிறேன் என்று தெம்பாகப் போய் நின்றால், அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் தாளின் அடியில் ஒரு வரியைக் காட்டினார்: காற்றில் கதவுக்கு ஏற்படும் சேதம் சேராது. ஒரு மாதச் சம்பளம் போயிற்று. மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்து நிறுத்துங்கள், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே திறங்கள், பின்னிருக்கையில் மகளைத் தானாகத் திறக்க விடாதீர்கள். மணல்காற்றுக்குத் தனிக் காப்பீடு உண்டு, தென்கரைக்குப் போவதால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்கீர் என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும், வடிகட்டிய கெட்டித் தயிர் மாதிரி. வெனிலாவும் பழமும் போட்ட டப்பாக்களுக்கு நடுவே "ஹ்ரேயின்ட்" என்று எழுதியதைத் தேடி எடுங்கள், அதுதான் வெறும் ஸ்கீர். கொஞ்சம் பாலும் உப்பும் சேர்த்தால் சோற்றில் பிசையலாம், ஒரு பாக்கெட் ஊறுகாய் மட்டும் இங்கிருந்து. தங்கும் இடத்தில் சுடுதண்ணீர் அழுகிய முட்டை வாடை அடிக்கும், பூமிக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர், குளிக்க ஒன்றும் செய்யாது. குடிக்க மட்டும் குளிர்ந்த குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

திரும்பி வந்ததும் எழுதுங்கள், முதலில் கதவைப் பற்றி.

அன்புடன்,
அக்கா