பெட்டிக்குள் ஒன்று குறைகிறது: வாசகர் கேள்வி-பதில்

கே: கொழும்புக் கடையொன்றிலிருந்து மகனின் கணினிக்கு ரைசன் 5 5600 புரொசசர் கூரியரில் எடுத்தேன். பெட்டியின் சீல் வெட்டியிருந்தது, விசிறி இல்லை. கேட்டால் "இது இப்படித்தான் வரும் அக்கா" என்கிறார்கள். (தம்பலகாமம்)

ப: வராது அக்கா. அந்த மொடலைப் பெட்டியோடு விற்றால் 'வ்ரெய்த் ஸ்டெல்த்' என்ற கூலரும், அதாவது புரொசசரைக் குளிராக்கும் அந்த விசிறியும், உள்ளே இருக்கும். பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று விற்பதில்தான் கூலர் கிடையாது. உங்களிடம் பெட்டியே இருக்கிறதே. யாரோ கூலரைத் தனியாக எடுத்து விற்றிருக்கலாம். வெட்டிய சீலின் படம், பில், அதைச் செய்யும் ஏஎம்டி கம்பனியின் தளத்தில் அந்த மொடலுக்குள்ள கூலர் விபரம் மூன்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேளுங்கள். போனில் கதைத்ததற்குச் சாட்சி இராது. அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்து முறைப்பாடு விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். அதுவரை கூலர் இல்லாமல் "ஒருக்காப் போட்டுப் பார்ப்பம்" என்று மகன் கிளம்பினால் மறித்துவிடுங்கள்.

கே: பில் எடுக்கவில்லை, பெட்டியையும் எறிந்துவிட்டேன். இப்போதுதான் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயர் இல்லையென்று தெரிகிறது. (உவர்மலை)

ப: புது வயர் வாங்குங்கள்.

கே: புது மொடியூலர் (வயர்களைக் கழற்றிப் பூட்டக்கூடிய) பவர் சப்ளையில், டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் வயர் ஒன்று குறைவு. நண்பனின் வேறு பிராண்ட் வயர் அச்சாகப் பொருந்துகிறது. போடலாமா? (மூதூர்)

ப: போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். எத்தனை தரம் எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேயிருக்கிறது, ஹார்ட் டிஸ்க்குகளும் செத்துக்கொண்டேயிருக்கின்றன. டிஸ்க்கில் செருகும் முனைக்கு மட்டும்தான் பொது நியமம் உண்டு. பவர் சப்ளையில் செருகும் முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டுக்கு வைத்திருக்கிறது. ஒரே பிராண்டின் இரண்டு வரிசைகளுக்கிடையிலேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்தக் கணமே முடிந்தது, உள்ளேயிருந்த கலியாணப் படங்களும் சேர்த்து. "எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்று மேசை லாச்சிக்குள்ளிருந்து பழைய வயரை உருவித் தருகிற கடைக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பொருந்துகிறது என்பது அத்தாட்சியல்ல. உங்கள் மொடல் இலக்கத்தைச் சொல்லி, அதற்குரிய வயரைத்தான் கடையிடம் கேளுங்கள். புதுச் சாமான், அவர்கள் தரத்தான் வேண்டும்.

கே: மதர்போர்டோடு, யுஎஸ்பி வாய்களைச் சுற்றிக் கேஸின் ஓட்டையை மூடும் பின்பக்கத் தகடு வரவில்லை. அது இல்லாமல் கேஸைப் பூட்டலாமா? (உப்புவெளி)

ப: ஓடும். நான் ஒருமுறை 'புதியது' என்று எடுத்த போர்டிலும் அது இல்லை. அந்த ஓட்டையால் பல்லி உள்ளே போய் ரேமுக்குப் பக்கத்தில் முட்டையிட்டது. கடற்காற்றில் யுஎஸ்பி வாய்களும் துருப்பிடித்தன. தகடு அந்தந்த போர்டுக்கென்றே வெட்டப்படுவது, வெளியே தேடி எடுப்பது கஷ்டம். கடையை விடாதீர்கள்.

கே: மதர்போர்டில் நேரே செருகிப் பூட்டும் எம்.2 எஸ்எஸ்டி டிஸ்க்கோடு ஸ்குரு தரவில்லை. கடை ஏமாற்றிவிட்டதா? (கிண்ணியா)

ப: இல்லை. அது பெரும்பாலும் மதர்போர்டோடு வருவது. போர்ட் பெட்டியின் சின்னப் பையைக் கொட்டிப் பாருங்கள். சிலவேளை போர்டிலேயே பூட்டியிருக்கும். தொலைந்திருந்தால் லேப்டொப் திருத்துகிற கடையில் எம்2 (இது ஸ்குருவின் தடிப்பு) அளவு, 3 மில்லிமீற்றர் நீளம் என்று கேளுங்கள். கேஸ் ஸ்குரு தடிப்பு, மரையைத் தின்றுவிடும். செலோடேப் ஒட்டியிருக்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.