பிரெஞ்சு வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

செப்டம்பரில் பிரான்ஸில் வகுப்பு தொடங்குகிறது என்பதால் மும்பை வாசகர்களிடமிருந்து இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றி நிறையக் கடிதங்கள். விடுதியில் இடம் கிடைக்காமல், அல்லது மொழி பழக வேண்டும் என்று, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறவர்கள் எழுதியவை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு லியோனில் ஒரு வருடப் படிப்பு. ஓய்வுபெற்ற தம்பதி வீட்டில் அறை கிடைத்திருக்கிறது, காலை உணவும் இரவுச் சாப்பாடும் அவர்களோடு. நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். விண்ணப்பத்தில் 'வெஜிடேரியன்' என்று குறித்துவிட்டேன், அது போதுமா அக்கா? முன்பின் தெரியாதவர்களோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. (வாசகி, செம்பூர்)

பதில்: போதாதும்மா. அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு மீன் செய்து வைக்கிற வீடுகள் அங்கே இருக்கின்றன, கோழிச் சாறு கட்டி போட்டுக் காய்கறி சூப் செய்கிற வீடுகளும் இருக்கின்றன, யாரும் உங்களை ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. அதனால் கிளம்புவதற்கு முன்பே அவர்களுக்கு நேராக ஒரு கடிதம் எழுதுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, அவற்றை வேகவைத்த சாறும் இல்லை, 'லார்தோன்' என்று, முட்டை ஊற்றிச் சுடுகிற 'கீஷ்' பண்டத்திலும் சாலட்டிலும் தூவுகிற பன்றித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தந்தாலும் சாப்பிட மாட்டேன் என்று. அதைவிட முக்கியம், எதைச் சாப்பிடுவீர்கள் என்று எழுதுவது. வேண்டாததை மட்டும் பட்டியல் போட்டால் சமைக்கிறவருக்குத் திகைப்புதான் வரும். ஆம்லெட், பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, ராத்தாத்துய் என்கிற கத்தரிக்காய்-தக்காளிக் கூட்டு, கோதுமை தோசை மாதிரி இருக்கும் கிரேப், எல்லாம் அவர்கள் வீட்டுச் சமையலிலேயே இருக்கிறது. லியோனுக்குத் தென்மேற்கே லெ புய் என்ற ஊர்ப் பக்கம் விளைகிற பச்சைப் பருப்பு பிரான்ஸ் முழுக்கப் பேர் பெற்றது, 1996இலிருந்து அந்தப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பருப்பு சாப்பிடுவேன் என்று நீங்கள் எழுதினால் அந்த அம்மாவுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

சீஸ் விஷயத்தை இங்கே இருக்கும்போதே யோசித்து முடிவு செய்துகொள்ளுங்கள். கோந்தே, ரோக்ஃபோர், நார்மண்டி காமாம்பேர் போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலைத் திரிக்க, கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் 'பிரஸூர்' சேர்க்கிறார்கள். சிலருக்கு அது பரவாயில்லை, சிலருக்கு ஆகாது. ஆகாது என்றால் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரவுச் சாப்பாட்டின் முடிவில் சீஸ் தட்டு வருவது அங்கே வழக்கம். மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அவர்கள் மனசு சங்கடப்படும்.

இப்போது மேசைக்கு வருகிறேன். உங்கள் பயத்துக்குக் காரணமும் மருந்தும் அங்கேதான் இருக்கிறது. நம் வீட்டில் பரிமாறுகிறவர் கேட்டதும் "வேண்டாம்" என்போம், இன்னொரு தரம் வற்புறுத்தினால் தட்டை நீட்டுவோம், அது ஒரு உபசாரம். அங்கே ஒரு தடவை கேட்பார்கள், வேண்டாம் என்றால் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அதைப் பாராமுகம் என்று எடுத்துக்கொண்டு பசியோடு படுத்த பெண்களை எனக்குத் தெரியும். வேண்டும் என்றால் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லுங்கள். ஏழரை, எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள், முக்கால் மணி, ஒரு மணி நேரம் போகும், கைப்பேசி மேசையில் இருக்கக் கூடாது. அரசியல், பள்ளிக்கூடம், ஓய்வூதியம், எதையாவது எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தி விவாதிப்பார்கள். சண்டை என்று நினைத்துப் பயப்படாதீர்கள், அது அவர்களுக்குச் சாப்பாட்டின் ஒரு பகுதி. அரைகுறை பிரெஞ்சில் நீங்களும் ஒரு வார்த்தை போடுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நன்றாகச் சாப்பிட்டும் பேசாமல் எழுந்து போகிற பிள்ளையைத்தான் 'இங்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று கவலையோடு பார்ப்பார்கள். சாப்பிட வரமுடியாத நாளில் காலையிலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும், இதில் மட்டும் தவறவே கூடாது. கொஞ்சம் பழகிய பிறகு வாரத்தில் ஒரு நாள் நானே சமைக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சந்தோஷமாக அடுக்களையை விட்டுக் கொடுப்பார்கள்.

கேள்வி: நான் ரென் நகரத்தில் ஒரு அம்மா வீட்டில் இருக்கிறேன். எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார். நான் குளிக்கப் போனால் சீக்கிரம் என்று தட்டுகிறார். வீடு குளிர்கிறது, ஹீட்டரைக் கூட்டினால் வந்து குறைத்துவிடுகிறார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. முலுந்தில் அம்மாவிடம் சொன்னால் உடனே திரும்பி வா என்பாள். (மாணவர், ரென்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய மூன்றுக்கும் உங்கள் மேல் வெறுப்பு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பல பிரெஞ்சு வீடுகளில் வெந்நீர் ஒரு பெரிய தொட்டியில், பெரும்பாலும் இரவில் மின்கட்டணம் குறைவாக இருக்கும் மணிகளில் சூடாகிறது. அந்தத் தொட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான், நீங்கள் இருபது நிமிடம் நின்று குளித்தால் அடுத்து வருகிறவருக்குப் பச்சைத் தண்ணீர். நம் குளியலறை கீஸர் போல அரை மணியில் மறுபடி சூடாகாது. எத்தனை லிட்டர் தொட்டி, யார் எப்போது குளிக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டு உங்கள் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். குளிர் பற்றிச் சொன்னால், வீடுகளுக்கு 19 டிகிரி என்பதுதான் அந்த நாட்டு எரிசக்திச் சட்டத்தில் இருக்கும் அளவு. பள்ளிக் குழந்தைக்குக்கூட அந்த எண் தெரியும். வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது அங்கே சாதாரணம், நீங்களும் ஒன்று கனமாக வாங்குங்கள், கூடுதல் போர்வை கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார். சாத்திய கதவுக்கும் பொருள் இல்லை, அறைக் கதவு, கழிப்பறைக் கதவு, சமையலறைக் கதவு எல்லாமே சாத்தித்தான் இருக்கும். மும்பையில் ஒரு ஹால், ஒரு அறையில் ஆறு பேர் புழங்கி வளர்ந்த நமக்கு மூடிய கதவைப் பார்த்தால் மனசு சுருங்குகிறது, அது இயல்பு.

குளியலறை பற்றி இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராதது. உள்ளே நின்று குளிக்கிற தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. கழிப்பறை பெரும்பாலும் தனி அறை, அங்கும் அப்படித்தான். மக்கில் தண்ணீர் எடுத்துப் போகிற பழக்கம் இருந்தால் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். மர அடுக்கு போட்ட பழைய கட்டடங்களில் ஈரம் கீழ்வீட்டுக் கூரையில் போய்த் தெரியும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதாக இருந்தால் முதலில் காகிதத்தால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, குளித்தபின் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

காலையில் பார்த்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள், வெளியிலிருந்து வந்ததும் நேரே அறைக்குப் போகாமல் வந்துவிட்டேன் என்று ஒரு குரல் கொடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, "உங்கள் வீட்டில் எனக்குத் தெரியாத வழக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். நம் அம்மா முகத்தைப் பார்த்தே என்ன ஆச்சு என்று கேட்பாள். அவர் கேட்க மாட்டார், பிறர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. நிறத்தையோ மதத்தையோ சொல்லிக் குத்துவது, பணம் கட்டிய சாப்பாட்டைக் கொடுக்காமல் இருப்பது, சொல்லாமல் உங்கள் அறைக்குள் வந்து போவது, இதெல்லாம் எந்த ஊர் வழக்கமும் கிடையாது. அப்படி நடந்தால் பொறுத்துக்கொண்டு புழுங்க வேண்டாம். தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு, கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் அலுவலகத்தில் போய் வீடு மாற்றிக் கேளுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள், அவளிடம் மறைத்துத் தனியாகக் கிடந்து தவிக்காதீர்கள்.

கேள்வி: மகன் துலூஸ் போகிறான். நெய், பால்கோவா, மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கின கறிவேப்பிலை, குக்கர் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு என்ன பரிசு கொடுத்தனுப்பலாம்? தினம் எத்தனை மணிக்கு ஃபோன் பண்ணலாம்? (ஒரு தாய், மாட்டுங்கா)

பதில்: அம்மா, நெய்யையும் பால்கோவாவையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை, சுங்கத்தில் பிடித்தால் குப்பையில்தான் போடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் முடியாது, தாவர நலச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பருப்புப் பொடி, ரசப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளி தாராளமாகக் கொடுங்கள். பெருங்காயத்தை மட்டும் இரண்டு டப்பா போட்டு மூடுங்கள், அந்த மணம் நமக்குத்தான் வீடு, திரைச்சீலையில் ஏறினால் அவர்களுக்குப் போகவே போகாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேல் இருக்கும் புகைவிசிறியைப் போடச் சொல்லுங்கள். குக்கர் அலுமினியம் என்றால் பயனில்லை, அங்கே பல வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு, அதற்கேற்ற அடிப்பாகம் வேண்டும். விசில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீடு ஓடி வராமல் இருக்க முதலிலேயே சொல்லிவைக்கட்டும். மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட், மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வாங்கிக் கொடுங்கள். பிரான்ஸில் நம் சாமான் கிடைக்காமல் போகாது. பாரிஸ் போகிற வாய்ப்பு வந்தால் லா ஷாப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் வாங்கலாம், பக்கத்தில் மாணிக்க விநாயகர் கோயிலும் இருக்கிறது.

பரிசு பெரிதாக வேண்டாம். நல்ல காப்பிப் பொடியும் ஒரு பித்தளை ஃபில்டரும் கொடுத்தால் மகன் ஒரு நாள் காப்பி போட்டுக் கொடுக்கலாம், பேச்சும் வளரும். அங்கே போய்ப் பூ வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் சாமந்தி மட்டும் கூடாது. நவம்பர் 1ஆம் தேதியை ஒட்டி அவர்கள் கல்லறைக்கு வைக்கிற பூ அது, சரஸ்வதி பூஜை சமயத்தில் கடையில் குவிந்திருக்கிறதே என்று வாங்கிவிடுவான், சொல்லிவிடுங்கள்.

ஃபோன் விஷயம். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. நம் இரவு பதினொன்றரைக்கு அவன் சாப்பாட்டு மேசையில் இருப்பான். ஒன்பது மணி வாக்கில் நீங்கள் பேசினால் அவன் வகுப்பு முடிந்து வருகிற நேரம், அறைக்குப் போவதற்கு முன் நிதானமாகப் பேசலாம். அங்கே இரவு பத்துக்கு மேல் உரக்கப் பேசுவதை அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள். முதல் மாதம் தினமும் பேசுங்கள், தப்பே இல்லை.

கேள்வி: நான் ஹலால் மட்டும் சாப்பிடுவேன், நோன்பும் வைப்பேன். லில் நகரத்தில் ஒரு குடும்பத்தோடு இருக்க வேண்டும். அவர்களிடம் எப்படிச் சொல்வது? (மாணவி, தாராவி)

பதில்: போவதற்கு முன்பே, தயங்காமல் சொல்லுங்கள். பிரான்ஸில் முஸ்லிம்கள் நிறைய, லில் போன்ற ஊரில் ஹலால் இறைச்சிக் கடை தேடுவது கஷ்டமே இல்லை, அந்தக் குடும்பத்துக்கும் இந்த வார்த்தை புதிதாக இருக்காது. ஆனால் அவர்கள் தனியாக ஹலால் வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பதைவிட, வீட்டில் மீனும் முட்டையும் காய்கறியும் போதும் என்று சொல்வது எளிது. சமையலில் ஊற்றும் வைனையும், இனிப்புகளில் இருக்கும் ஜெலட்டினையும் பேர் சொல்லிக் குறிப்பிடுங்கள், அது அவர்களுக்குத் தானாகத் தோன்றாது. 2027இல் ரமலான் பிப்ரவரியில் வருகிறது, அப்போது லில்லில் ஆறு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நோன்பு திறந்துவிட்டு எட்டு மணிச் சாப்பாட்டுக்கும் அவர்களோடு உட்காரலாம். சஹர் நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். விடிகாலையில் அடுக்களையில் பாத்திரம் உருட்டாமல் இருக்க, முந்தின இரவே எடுத்து வைத்து அறையில் சாப்பிட அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பெருநாளன்று உங்கள் கையால் ஏதாவது செய்து அவர்களுக்கும் கொடுங்கள்.

கேள்வி: அந்தக் குடும்பத்திடமிருந்து என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்? (ஒரு தந்தை, சயான்)

பதில்: முதலில் எழுத்தில் ஒரு ஒப்பந்தம்: வாடகை, முன்பணம், எந்த வேளைச் சாப்பாடு சேர்த்தி, துணி துவைக்க இயந்திரம் உண்டா, காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கட்டும். போய் இறங்கியதும், மகள் தங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம், அவர்கள் அடையாள அட்டையின் நகல், மூன்று மாதத்துக்குள் வந்த மின் ரசீது அல்லது அது போன்ற ஒன்று, இந்த மூன்றும் வேண்டும். வங்கிக் கணக்கு திறக்கவே இவை இல்லாமல் ஆகாது. நீண்டகால மாணவர் விசாவை நாட்டுக்குள் போன மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும், அதற்கும் அந்த முகவரிதான். அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர்கள் சேரக் கட்டணம் கிடையாது, அதையும் முதல் வாரங்களிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள், அட்டை வர நாளாகும். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் ரசீது கேட்டு வாங்கட்டும்.