அயர்லாந்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களில் யாருடைய அவைக்குறிப்பைப் படிக்கலாம்?

என்னைக் கேட்டால், நோயல் பிரவுன். பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர், அதே நோயில் தானும் விழுந்து எழுந்த மருத்துவர். 1948-இல் டாய்லுக்கு (அயர்லாந்தின் கீழவை) முதன்முறையாகத் தேர்வானார். அவைக்குள் நுழைந்த முதல் நாளே சுகாதார அமைச்சர்! காசநோய் மருத்துவமனைகளை விறுவிறுவென்று கட்டியது தனிக்கதை.

நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது 1951 ஏப்ரல் 12-ஆம் தேதி விவாதம். தாய்மார்களுக்கும் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், வருமானம் பார்க்காமல் இலவச மருத்துவம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வருமானம் போய்விடும் என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள். குடும்பத்தின் உரிமையில் அரசு கைவைக்கிறது என்று கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அவருடைய கட்சித் தலைவர் ஷான் மக்பிரைடே ராஜினாமா கேட்டு வாங்கிவிட்டார்.

அன்று அவையில் பிரவுன் ஆயர்களைத் தாக்கியிருப்பார் என்று நினைத்துத்தான் பலரும் படிக்கப் போவார்கள். அப்படி இல்லை. ஒரு கத்தோலிக்கனாக ஆயர்களின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் என் சகாக்கள் இதைக் கையாண்ட விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை என்கிறார். பிரதமர் கோஸ்டெல்லோவோ, கத்தோலிக்கன் என்ற முறையில் திருச்சபைக்குக் கீழ்ப்படிவேன், இனியும் அப்படித்தான் என்று அவையிலேயே சொல்கிறார். ஒரு நாட்டின் பிரதமர் இதைப் பதிவாகவே பேசியிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்புறம் 1958 டிசம்பர். இதைப் பலர் கவனிப்பதே இல்லை, எனக்கோ இதுதான் அவருடைய சிறந்த வேலை. அப்போது அவர் கட்சிக்கு அவையில் அவரும் ஜாக் மக்குவில்லனும் என்று ரெண்டே பேர்தான். பிரதமராக இருந்துகொண்டே டி வலேரா ‘ஐரிஷ் பிரஸ்’ பத்திரிகையின் நிர்வாகப் பொறுப்பையும் கையில் வைத்திருப்பது முறையா என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். 1959 ஜனவரியில் தீர்மானம் தோற்றது. ஆனால் அதே ஜனவரியில்தான் டி வலேரா பிரதமர் பதவியை விட்டுவிட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். அமைச்சராகப் பிரவுன் சாதித்ததைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கையில் அதிகாரம் துளியும் இல்லையே.

குறை இல்லாமல் இல்லை. மனிதர் யாரோடும் ஒத்துப்போக மாட்டார். ஐந்து கட்சிகள், நடுவே சுயேச்சை, 1973 முதல் 1977 வரை மேலவை, மறுபடி டாய்ல், 1982-இல் ஓய்வு. விவாதங்கள் எல்லாம் அயர்லாந்து நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேதி வாரியாகப் போங்கள், அதுதான் சுலபம்.